மூன்றாம் புகை

வீரமலைக்கு முதலில் துரோகம் செய்தவன் செவந்தியப்பன். வாழை மண்டி முதலாளி நாகரத்தினம் அதற்குப் பிறகுதான். கூடப் பிறந்த தம்பி அதற்குப் பிறகு. கல்யாண மண்டபத்தில் காவலுக்கு உட்காரக் கொடுத்த இரும்பு ஸ்டூல் அதற்கும் பிறகு. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், இந்த அறுபத்தெட்டாம் வயதில், அவருடைய சொந்த உடம்பு. இந்த வரிசை மாறக்கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குளித்தலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கால்களைக் கொஞ்சம் அகட்டி, ஈரத் தரையில் நடப்பவரைப் போல அடி அடியாக வைத்து வந்துகொண்டிருந்த அந்தக் காலை நேரத்திலும் அவர் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். செவந்தியப்பன் அன்றைக்கு ஒரே ஒரு கோடு போட்டிருந்தால் முதலாளி விரட்டியிருக்க மாட்டார். விரட்டாமல் இருந்திருந்தால், நின்றும் நடந்தும் வேலை பார்த்த மனுஷன் இருபத்தாறு வருஷம் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க மாட்டார். உட்காராமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் இப்படி ஒரு வெடிப்பு வந்திருக்காது. வெடிப்பு என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். பேத்தி வயசு. திரைக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, வேட்டியைத் தளர்த்தச் சொன்னபோது சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அவர் அந்தப் பல்லியையே பார்த்துக்கொண்டு, நான் இங்கே இல்லை, நான் இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டார். "பயப்படாதீங்க தாத்தா, புத்துநோயெல்லாம் இல்ல. ஆசனவாயில தோல் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். "இறுகாமப் போனா தானா ஆறிடும். தண்ணி நெறயக் குடிங்க, வெதுவெதுப்பான தண்ணித் தொட்டியில ரெண்டு வேள உக்காருங்க, பழம் சாப்பிடுங்க. நல்லாப் பழுத்த பப்பாளி, கொய்யா, வாழப்பழம். ரெண்டு வாரம் பாப்போம். ஆறலேன்னா சின்னதா ஒரு ஆபரேஷன்." சின்னது என்றால் எவ்வளவு சின்னது என்று அவர் கேட்கவில்லை. வாழைப்பழம் சாப்பிடுவதில்லை என்று மட்டும் சொன்னார். "ஏன், சுகரா?" இல்லை. "ஒத்துக்காதா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒத்துக்காது என்றார். அது பொய்யுமில்லை. முப்பத்தொரு வருஷமாக அவருக்கும் வாழைப்பழத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது வெயில் பிடரியில் ஏறிக்கொண்டிருந்தது, காலையில் வெளிக்குப் போன வலி இன்னும் அடங்கவில்லை. போகும்போது கண்ணாடிச் சில்லு ஒன்று உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வருவதைப் போல ஒரு வலி. அது ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், அந்த இடமே தனியாக ஓர் இதயம் வைத்துக்கொண்டதைப் போலத் துடிக்கும். முதல் தடவை தண்ணீரில் சிவப்பாக நூல் நூலாக இறங்கியதைப் பார்த்து அவர் நேற்றுத் தின்ற பீட்ரூட் என்று நினைக்கப் பார்த்தார், பீட்ரூட் தின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. அப்பா இப்படித்தான் செத்தார். இல்லை, அப்பா இருமி இருமித்தான் செத்தார், ஆனால் அதிலும் சிவப்பு இருந்தது. போனால் கிழியும் என்று பயந்து அடக்குவது, அடக்கியதால் உள்ளே காய்ந்து இறுகுவது, இறுகியதால் மறுபடி கிழிவது, கிழிந்ததால் முன்னைவிடப் பயப்படுவது. ஒரு மாசமாக இதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்திருக்கும்போது வெளியிலிருந்து அவர் மனைவி அமராவதி, "இன்னும் என்னய்யா பண்ற உள்ள, சாமி கும்புடறியா?" என்று கேட்பாள். அவளிடம் சொன்னதே போன வாரம்தான். சொன்னதும் அவள் சிரிப்பாள் என்று பயந்தார். அவள் சிரிக்கவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "முப்பது வருஷமா ஒரு வாழப்பழம் உண்டா உனக்கு? ஊரு ஒலகத்துல சோத்துக்கு மேல ஆளுக்கு ஒரு பழத்தத் தின்னுட்டுப் போயிக்கிட்டே இருக்கு. உன் வீம்புதான்யா உள்ள அடைச்சுக்கிட்டு நிக்கிது." வீம்பு இல்லை அது, வாக்கு. மண்டி வாசலில் சுமை தூக்குகிறவர்கள் இருபது பேர் பார்க்கச் சொன்ன வாக்கு. செவந்தியப்பன் வாயால் உண்மை வருகிற வரைக்கும் என் வாயில் வாழைப்பழம் போகாது. அதற்கப்புறம் கல்யாண மண்டப வாசலில் வாழை மரம் கட்டுவதை வருஷத்துக்கு நூறு தடவை பார்த்தார், பந்தியில் உட்கார்ந்தால் இலை ஓரத்தில் பழம் வைத்தார்கள், அவர் அதை எடுத்துப் பக்கத்து இலைக்காரனிடம் தள்ளினார். பக்கத்து இலைக்காரன் எப்போதும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். ஒருவன்கூட ஏன் என்று கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டு மதிலோரம் தள்ளுவண்டிகள் நின்றன. முதல் வண்டி சகாயமேரியுடையது, தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு சாத்துக்குடியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நின்றார். பப்பாளி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே மஞ்சள், காம்படியில்கூட மஞ்சள். மரத்தில் பழுத்தது அப்படி இருக்காது, வெயில் பட்ட பக்கம் முந்திப் பழுக்கும், பழத்துக்கு ஒரு முகம் ஒரு முதுகு இருக்கும். இதற்கு எல்லாப் பக்கமும் முகம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது. "இது மரத்துல பழுக்கல தாயி" என்றார். "மரத்துல பழுத்தது கிளிக்குத்தான் பெரியவரே கெடைக்கும், மனுசனுக்கு இதுதான்" என்றாள் சகாயமேரி. அவர் அதை வைத்துவிட்டுக் கொய்யாவை எடுத்தார். நல்ல கொய்யா, நகம் பட்டால் இறங்குகிறது. ஆனால் விதை. அந்த விதை செரிக்காது, அப்படியே முழுசாகப் போகும், போகிற வழியில் அந்தக் கிழிசலில் ஒரு விதை போய் ஒட்டிக்கொண்டால்? பல் இடுக்கில் சிக்கிய கொய்யா விதையை நாக்கு நாள் முழுக்கத் துழாவும், அங்கே துழாவ நாக்குக்கூடக் கிடையாது. டாக்டரம்மா கொய்யா என்றுதான் சொன்னாள், அவளுக்குத் தெரியாமலா சொல்வாள், ஆனால் வலி அவளுக்கில்லை. "விதையில்லாத கொய்யா இருக்கா?" "அதுக்கு நான் கர்த்தர்கிட்டதான் சொல்லி வெக்கணும்." மாதுளை வயிற்றைக் கட்டும் என்று அமராவதி வரும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். சாத்துக்குடி கல்யாண மண்டபத்தில் ஜூஸ் போட்டுக் கொடுத்தே சலித்துப்போனது. திராட்சையில் வெள்ளை வெள்ளையாக மருந்து படிந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். "என்ன பெரியவரே, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க? ஒடம்புக்கு என்ன?" என்றாள் சகாயமேரி. ஒன்றும் இல்லை என்றார். அவள் அவர் நிற்கும் தினுசைப் பார்த்தாள், அகட்டி வைத்த கால்களைப் பார்த்தாள், சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தாள். "போகலையா?" என்றாள், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற குரலில். பக்கத்தில் எலுமிச்சை பொறுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். வீரமலைக்குக் காது சுட்டது. "எங்க மாமனாருக்கும் இதேதான். ஒக்காரவும் மாட்டாரு, நிக்கவும் மாட்டாரு, சலவைக்காரி கழுத மாதிரி நடந்துக்கிட்டே இருப்பாரு. நான் சொல்றதக் கேளுங்க, இந்தப் பப்பாளியில பாதிய வெட்டித் தர்றேன் தின்னுங்க. ஆனா அதுக்கு மேல, நல்லாக் கனிஞ்ச பூவன் காலைல ரெண்டு ராத்திரி ரெண்டு. வெண்ணெய் மாதிரி எறங்கும். அதோ, முக்குல செவந்தியப்பன் கடையில போயிப் பாருங்க, கல்லு வெக்காம இன்னும் பொகையில பழுக்க வெக்கிறது அங்க ஒண்ணுதான்."

அங்க ஒண்ணுதான். அவருக்குத் தெரியாதா. அந்த முக்குக்குப் போகாமல் இருக்கத்தானே முப்பத்தொரு வருஷமாகப் பஸ் ஏறுவதற்குக்கூடப் பின்பக்கச் சந்து வழியாக, மூத்திர நாற்றத்தைத் தாண்டி, ரயில்வே கேட் சுற்றிப் போகிறார். செவந்தியப்பன் மண்டியை விட்டு வந்து கடை போட்டதும் தெரியும், அவன் மகன் பெரிய ஆளானதும் தெரியும். தைப்பூசத்துக்குப் பிறகு அவனுக்குக் கைகால் விழுந்துவிட்டது என்று அமராவதி வந்து சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்ல?" என்றாள். ரசம் ஊற்று என்றார். பாதிப் பப்பாளியைச் சகாயமேரி தாளில் சுற்றிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார், பின்பக்கச் சந்துக்குத் திரும்ப வேண்டிய கால்கள் திரும்பாமல் நின்றன. காற்று முக்கிலிருந்து வந்தது. அந்த வாசனை. கல் வைத்த பழத்துக்கு வாசனை கிடையாது, நிறம்தான் உண்டு. புகை போட்ட பூவனுக்கு மட்டும்தான் அந்த வாசனை, தோலுக்குள் கொஞ்சம் அடுப்பு, கொஞ்சம் தேன். பதினாறு வருஷம் அந்த வாசனைக்குள் மூச்சு விட்டவர் அவர். தார்களை அறைக்குள் நெருக்கி அடுக்கிக் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் களிமண் பூசி, சுவரின் அடியில் இருக்கிற பொந்து வழியாக உமியும் வரட்டியும் கனிகிற சட்டியை உள்ளே தள்ளிப் பொந்தையும் அடைத்துவிட வேண்டும். வெயில் காலத்துக்கு ஒரு புகை போதும். மார்கழி, தை பனிக்கு இரண்டு. ஒரு புகை போட்டவன் கதவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவான். அடுத்து வருகிறவன் கோட்டைப் பார்ப்பான். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அந்தக் கோடுதான் பேச்சு. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம், நானூறு தார். சாயங்காலம் முதல் புகையை அவர் போட்டார், ஒரு கோடு போட்டார், வீட்டுக்குப் போனார். விடிந்து வந்து பார்த்தார். ஒரு கோடுதான் இருந்தது. இரண்டாவது புகையைப் போட்டார், இரண்டாவது கோட்டைப் போட்டார். மறுநாள் கதவைத் திறந்தபோது பழம் தாரில் இல்லை, தரையில் இருந்தது. தோல் கறுத்து, வெடித்து, கூழாகி, கால் வைத்தால் கணுக்கால் வரை ஒட்டியது. அவர் போட்டது இரண்டாவது இல்லை, மூன்றாவது. நடுவில் செவந்தியப்பன் ஒன்று போட்டிருந்தான், கோடு போடாமல். உமிக்கூடை பாதிக்கு மேல் காலியாக இருந்ததை அவர் அதற்குப் பிறகுதான் பார்த்தார். "ஏன்டா, நீ போட்டியா?" என்று முதலாளி கேட்டார். செவந்தியப்பன் தரையைப் பார்த்தான். "நான் தொடவே இல்லீங்க மொதலாளி" என்றான். கதவில் இரண்டு கோடும் வீரமலையின் கோடு. கருக்கி என்று பெயர் வந்தது. நானூறு தாரைக் கருக்கினவன். தம்பிகூட ஒருநாள் குடித்துவிட்டு அப்படிக் கூப்பிட்டான். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "எங்கப்பா பேரு கருக்கியாம்மா?" என்று கேட்டதை அவர் வாசலில் நின்று கேட்டார்.

முக்கு இருபது அடியில் இருந்தது. அவர் நடந்தார். எதற்கு நடக்கிறேன் என்று கேட்டால் பழத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், கத்தி வருகிறது, பதினாலு நாள்தான் இருக்கிறது, அந்தச் சின்ன ஆபரேஷனுக்குப் படுத்தால் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரியும், மண்டபத்துச் சமையல்காரர் அப்படித்தான் சின்னதாக ஒன்றுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஆனால் பழத்துக்கு இல்லை. அவன் கைகால் விழுந்து கிடக்கிறான், நாளைக்கே போய்விட்டால்? அவன் போய்விட்டால் அந்த வார்த்தை யாரிடம் இருக்கும்? அவன் ஏன் போட்டான் என்பதே இன்னும் தெரியாது. முதலாளியிடம் நல்ல பேர் வாங்கவா? வீரமலையைக் கவிழ்க்கவா? அந்த வாரம் அமராவதிக்குக் காய்ச்சல், விடியலில் வந்து புகை போடும் சிரமம் வேண்டாமே என்று ஒத்தாசைக்குப் போட்டானோ? இல்லை. அப்படி இருக்கக் கூடாது. ஒத்தாசைக்குப் போட்டவன் சொல்லியிருப்பான். கோடு போட்டிருப்பான். கோடு மட்டுமா, விடியலில் தான் வந்து கதவில் கை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும். இங்கேதான் எப்போதும் நினைப்பு சறுக்கும், இந்த இடம் வந்ததும் அவர் வேறு எதையாவது நினைப்பார், ரசத்தை நினைப்பார், ஸ்டூலை நினைப்பார். இன்றைக்கு வலி துடித்துக்கொண்டிருந்ததால் நகரமுடியவில்லை. உள்ளே புதிதாகப் புகை இறங்கியிருந்தால் பலகை வெதுவெதுப்பாக இருக்கும். கோட்டைப் பார்த்த பிறகு உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மண்டியில் கொண்டுவந்ததே அவர்தான். முந்தின நாள் அப்படி உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றபோது செவந்தியப்பன் சொன்னான்: "என்ன மச்சான், கதவையே தடவிக்கிட்டு நிக்கிற, வீட்டுல தங்கச்சிக்குக் காய்ச்சல்ங்கறதாலயா?" எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மறுநாள் விடியலில் அவர் கோட்டைப் பார்த்தார். கை பாதி தூரம் போனது. யாரும் அங்கே இல்லை, பார்த்துச் சிரிக்க ஒரு காக்காய்கூட இல்லை, இருந்தும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது, கை இறங்கிவிட்டது. தொடவில்லை. அமராவதியிடமும் இதைச் சொன்னதில்லை. முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ பேரிடம் அந்தக் கதையைச் சொன்னார், எல்லாருக்கும் கோடு தெரியும், யாருக்கும் கை தெரியாது.

கடை வாசலில் தார்கள் தொங்கின. அவற்றுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் துண்டும் மடியில் செத்த வலது கையுமாகச் செவந்தியப்பன் உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை, உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு சின்னவனாகிவிட்டான். நானூறு தாரைப் பார்த்துத் தரையைப் பார்த்த அந்த ஆளை அவர் வருஷா வருஷம் பெரிதாக்கிக்கொண்டே வந்திருந்தார். இங்கே கால் தரையில் எட்டாமல் ஒரு கிழவன். கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. அந்தக் கண்கள் அவரை ஏறிட்டுப் பார்த்தன. என்னென்ன சொல்ல வைத்திருந்தார், ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து எத்தனை தடவை ஒத்திகை பார்த்தார்.

"என்னைத் தெரியிதா?" என்றார்.

"ஆமா" என்றான் செவந்தியப்பன். குரல் தெளிவாகவே இருந்தது.

"வீரமலை."

"ஆமா. ஆமா."

வீரமலை பப்பாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். துடிப்பு எது, வலி எது என்று தெரியவில்லை. "தைப்பூசத்துக்கு அந்த நானூறு தாரு. நடுவுல ஒரு பொகை விழுந்துச்சே. அது நீ போட்டதுதான?"

"ஆமா."

"கோடு போடாம விட்டுட்ட."

"ஆமா" என்றான் செவந்தியப்பன், அந்தக் கண்களை எடுக்காமல். "ஆமா."

வந்துவிட்டது. இவ்வளவுதானா. வானம் இடியவில்லை, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் முசிறி, முசிறி என்று கூவிக்கொண்டிருந்தான், ஓர் ஈ தாரிலிருந்து தாருக்குப் போனது. அந்த இருபது சுமைதூக்கிகளில் பாதிப்பேர் செத்தாயிற்று. இருந்தாலும் வந்துவிட்டது, அவன் வாயாலேயே. அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, எங்கே உட்கார முடியும், தூணைப் பிடித்துக்கொண்டார். அமராவதியிடம் போய்ச் சொல்ல வேண்டும். மகனிடம் சொல்ல வேண்டும், போன் போட்டுச் சொல்ல வேண்டும், உன் அப்பன் கருக்கி இல்லடா. அந்த வேகத்திலேயே இன்னொன்றும் கிளம்பி வந்தது, தின்னத் தின்ன ஆசை வருவதைப் போல: இவ்வளவு கொடுத்தவன் அதையும் கொடுத்துவிட்டால் என்ன? அதையும் இவன் வாயாலேயே அழித்துவிட்டால்? அவர் குனிந்தார். குரலை இறக்கினார்.

"நான் அன்னிக்குக் கதவுல கை வெச்சுப் பாத்தேன்ல?"

"ஆமா" என்றான் செவந்தியப்பன்.

தெளிவாக, உடனே, முன்னே சொன்ன அதே ஆமா. வீரமலை அவனையே பார்த்தார். இல்லை என்பது உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த விடியலில் அங்கே வேறு யாரும் இல்லை, ஒரு காக்காய்கூட இல்லை. நான் தொடவில்லையே. நான் தொடவில்லை என்று எனக்குத் தெரியுமே. அப்படியென்றால் இவன் எதற்கு ஆமா சொல்கிறான்? அப்படியென்றால் முன்னே சொன்ன ஆமா? உள்ளேயிருந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள், மருமகளாக இருக்கும். "என்ன வேணும் பெரியப்பா? அவுககிட்ட கேக்காதீங்க. கைகால் விழுந்ததுலேருந்து வாயில அந்த ஒரு சொல்லுதான் நிக்கிது. சோறு திங்கிறியான்னாலும் ஆமா, திங்கலையான்னாலும் ஆமா. நேத்து ஒருத்தர் வந்து நீ செத்துட்டியான்னு வெளையாட்டுக்குக் கேட்டாரு, அதுக்கும் ஆமாங்கிறாக." அவள் சிரித்தாள், சிரித்துவிட்டு மாமனாரின் வாயோரத்தைத் துண்டால் ஒற்றினாள். செவந்தியப்பன் துடைக்கக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் கண்களில் உள்ளே யாராவது இருக்கிறார்களா, இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, அல்லது வெறும் கண்களா என்று வீரமலை தேடினார். வெதுவெதுப்பு தெரிய வேண்டுமென்றால் கை வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணில் எங்கே கை வைப்பது.

அவர் இப்படியே திரும்பி வீட்டுக்குப் போய், அவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அமராவதி நம்புவாள். மகன் நம்புவான். தட்டில் பழத்தை வைத்துத் தின்னலாம், புண் ஆறும், ஊர் வாயில் விழுந்த பேரும் கழுவிவிட்டதைப் போலப் போகும். தூணைப் பிடித்தபடி அவர் அதை நினைத்துப் பார்த்தார், நாவில் வைத்துப் பார்ப்பதைப் போல நினைத்துப் பார்த்தார். உருண்டு உள்ளே போக மறுத்தது. கள்ள ஆமா. கோடு இல்லாத புகையைப் போல ஓர் ஆமா. அதை வாங்கிக்கொண்டால் உண்மையான ஆமா எங்கே போகும்? அது இன்னும் அவனுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது, நாக்குக்குப் பின்னால், பூட்டிய அறையில். அது அவருடையது. அதற்குப் பதிலாக இதை வாங்கிக்கொண்டு போக அவரால் முடியாது. ஆனால் நாளைக் காலை விடியும், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், கண்ணாடிச் சில்லு இருக்கும், அதற்கு அப்பால் கத்தி இருக்கும். வாக்கு வேறு, பாக்கி வேறு. இது அவருக்கே புதிதாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் இரண்டையும் ஒன்றாகவே கட்டித் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"பூவன் ஒரு சீப்பு குடும்மா. நல்லாக் கனிஞ்சதா. காம்புல பச்சை இருந்தா வேண்டாம், அது கட்டும்."

"அட, பழம் தெரிஞ்ச ஆளா இருக்கீங்களே" என்று அந்தப் பெண் அறுத்துக் கொடுத்தாள். அவர் அதிலிருந்து ஒன்றைப் பிய்த்தார். தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள், நுனி கறுத்து, விரல் பட்டால் தோல் தானாக விட்டுக்கொடுத்தது. ஒரு புகை, மிஞ்சிப்போனால் ஒன்றரை, சரியாகப் போட்டிருக்கிறார்கள். செவந்தியப்பனின் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டே கடித்தார். பல்லுக்கு வேலையே இல்லை. முதலில் புளிப்பு, அதற்குப் பின்னால் இனிப்பு, தொண்டையில் இறங்குவது தெரியாமல் இறங்கியது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே அவருக்குக் கோபமாக வந்தது. முழுசையும் தின்று முடித்தார், வாயைத் துடைத்தார், குனிந்து அந்த இறங்கிய வாய்க்கு நேராக முகத்தை வைத்துப் பேசினார்.

"பழத்த வாங்கிக்கிட்டேன் செவந்தி. நீ சொன்ன ஆமாவ வாங்கிக்கல. நான் கதவத் தொடல. அது என்னோடது, அத நான் வெச்சுக்கிறேன். உன்னோடது இன்னும் வரல."

மருமகள் சீப்பைப் பைக்குள் வைத்தவள் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். செவந்தியப்பனின் நல்ல கை நாற்காலிப் பிடியில் லேசாக அசைந்தது, அல்லது ஈயை ஓட்டியது.

"நாளைக்கும் வருவேன்" என்றார் வீரமலை. "தெனமும் வருவேன்."

"ஆமா" என்றான் அவன்.